உதைத்தவர்கள் இங்கே, எழுதியவர்கள் எங்கே?

எலெக்ட்ரானிக் சிட்டி இளைஞர்களுக்கு ஐரோப்பிய கிளப்புகளின் ஜாதகம் அத்துப்படி. அவர்கள் படிக்க அருமையான கால்பந்துப் புத்தகங்களும் இருக்கின்றன. ஆனால் இதே பெங்களூரிலிருந்து ஒலிம்பிக்ஸ் வரை போய் ஆடியவர்களின் கதை மட்டும் உதிரி உதிரியாகக் கிடக்கிறது.

வெள்ளிக்கிழமை இரவு பத்து மணி. ஓசூர் சாலையில் தமிழ்நாட்டுக்குப் போகும் பஸ்கள் வரிசை கட்டி நிற்கின்றன. தோளில் பையுடன் சேலத்துக்கும் மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் கிளம்புகிறவர்கள் ஒரு பக்கம். ஊருக்குப் போகாதவர்கள் இன்னொரு பக்கம் - வலை கட்டிய செயற்கைப் புல்தரையில், கண்ணைக் கூசும் விளக்குகளின் கீழ், பக்கத்துக்கு ஐந்து பேராகப் பந்தைத் துரத்திக்கொண்டு. தரைக்கு மணிக் கணக்கில் வாடகை. முதுகில் மெஸ்ஸி, சாலா, ரொனால்டோ. வாயில் தமிழும் கன்னடமும் மலையாளமும் இந்தியும் கலந்த ஒரு மொழி.

1978-ல் கோனப்பன அக்ரஹாரா, தொட்டதோகூர் கிராமங்களில் 332 ஏக்கர் நிலத்தை வளைத்து கியோனிக்ஸ் நிறுவனம் எலெக்ட்ரானிக் சிட்டியைத் தொடங்கியபோது, இப்படியொரு இரவு வாழ்க்கையை யாரும் கற்பனை செய்திருக்க மாட்டார்கள். அதற்குத் தலைமை தாங்கிய ஆர்.கே. பாலிகா கண்ட கனவு மின்னணுத் தொழிற்சாலைகளைப் பற்றியது. வந்து சேர்ந்ததோ சாஃப்ட்வேர். கூடவே, சாம்பியன்ஸ் லீக் ஆட்டம் பார்க்க நள்ளிரவு தாண்டி விழித்திருந்து, காலையில் சிவந்த கண்களுடன் ஆபீஸ் போகும் ஒரு தலைமுறையும்.

இவர்களிடம் தகவலுக்குப் பஞ்சமில்லை. எந்த ஆட்டக்காரரை எந்த கிளப் எத்தனை கோடிக்கு வாங்கியது, எந்தப் பயிற்சியாளர் எந்த வியூகத்தில் சறுக்கினார் என்று ஆட்டம் முடிந்து டீ குடிக்கும்போது விவாதம் தூள் பறக்கும். ஆனால் தகவல் வேறு, கதை வேறு. நேற்று ராத்திரி போட்ட கோலை செல்பேசியில் நூறு முறை பார்க்கலாம். அந்த கோல் ஏன் ஒரு ஊரையே அழ வைத்தது என்று சொல்லப் புத்தகம்தான் வேண்டும். நல்ல வேளையாக, கால்பந்து அந்த விஷயத்தில் கொடுத்து வைத்த ஆட்டம்.

எங்கே தொடங்குவது?

ஒரே ஒரு புத்தகத்துக்குத்தான் நேரம் உண்டு என்பவர்கள் எடுவார்டோ கலியானோவிடம் போகலாம். உருகுவே நாட்டு எழுத்தாளர். லத்தீன் அமெரிக்கா சுரண்டப்பட்ட வரலாற்றை எழுதி உலகப் புகழ் பெற்றவர். 1995-ல் ஸ்பானிய மொழியில் அவர் எழுதிய கால்பந்துப் புத்தகம், 'சாக்கர் இன் சன் அண்ட் ஷேடோ' என்றும் 'ஃபுட்பால் இன் சன் அண்ட் ஷேடோ' என்றும் ஆங்கிலத்தில் கிடைக்கிறது. வெயிலும் நிழலும் என்று வைத்துக்கொள்ளலாம்.

எல்லாம் ஒரு பக்கம், இரண்டு பக்கக் குறிப்புகள். கோல் கீப்பரைப் பற்றி ஒன்று, நடுவரைப் பற்றி ஒன்று, பந்தைப் பற்றி ஒன்று. 1918-ல் தன் ஆட்டம் முடிந்துபோனது என்று தெரிந்ததும், ராத்திரியில் தன் கிளப் மைதானத்தின் நடுவில் நின்று உயிரை மாய்த்துக்கொண்ட அப்டான் போர்ட்டே அதில் வருகிறார். 1950 உலகக் கோப்பையின் கடைசி ஆட்டத்தில் உருகுவேயிடம் ஒரு கோலை விட்டதற்காக வாழ்நாள் முழுவதும் பிரேசில் மன்னிக்காத கோல் கீப்பர் பார்போசாவும் வருகிறார். தன் சொந்த நாடு ஜெயித்த ஆட்டத்தில் தோற்றவனுக்காகக் கலியானோ வருத்தப்படுகிறார். அந்த மனம்தான் புத்தகம். ஆபீஸ் பஸ்ஸில் ஒரு நாளைக்குச் சில குறிப்புகள் வீதம் படித்தே முடித்துவிடலாம்.

ரசிகனைப் பற்றிப் படிக்க வேண்டுமென்றால் நிக் ஹார்ன்பியின் 'ஃபீவர் பிட்ச்'. 1992-ல் வெளிவந்து அந்த ஆண்டின் வில்லியம் ஹில் விளையாட்டுப் புத்தகப் பரிசைப் பெற்றது. பெற்றோர் பிரிந்துவிட்டார்கள். அவ்வப்போது வந்து பார்க்கும் அப்பாவுக்கும் பதினோரு வயது மகனுக்கும் பேச எதுவுமில்லை. 1968-ல் ஒரு நாள் அப்பா பையனை ஆர்சனல் ஆட்டத்துக்கு அழைத்துப் போகிறார். அதற்குப் பிறகு பேச விஷயம் கிடைத்துவிடுகிறது. பையனுக்கு நோயும் பிடித்துவிடுகிறது. காதல், வேலை, கல்யாணம் எல்லாவற்றையும் ஆர்சனலின் ஆட்ட அட்டவணையை வைத்தே அளக்கும் மனிதனாக வளர்கிறான். ஹார்ன்பி இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, கிட்டத்தட்ட வெட்கப்பட்டுக்கொண்டே சொல்கிறார். ஞாயிற்றுக்கிழமை உறவினர் வீட்டு விசேஷத்தில் மூலையில் உட்கார்ந்து செல்பேசியில் ஸ்கோர் பார்ப்பவர்கள், தங்கள் முகத்தை இதில் அடையாளம் கண்டுகொள்வார்கள்.

கணக்குப் புலிகளுக்கு

எலெக்ட்ரானிக் சிட்டியின் தாய்மொழி தமிழோ கன்னடமோ அல்ல, எண்கள். அதற்கு ஏற்ற இரண்டு புத்தகங்கள் உண்டு.

ஜொனாதன் வில்சனின் 'இன்வர்ட்டிங் தி பிரமிட்' 2008-ல் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கால்பந்து அணி நின்ற விதம் பிரமிடைப் போன்றது: பின்னால் இரண்டு பேர், நடுவில் மூன்று, முன்னால் ஐந்து. இன்று அது தலைகீழ். முன்னால் நின்ற கூட்டம் ஒவ்வொருவராகப் பின்வாங்கியது எப்படி, ஏன் என்பதுதான் கதை. வியூகம் என்றால் கரும்பலகையில் போடும் புள்ளிகள் என்று நினைப்பவர்களுக்கு இந்தப் புத்தகம் அதிர்ச்சி தரும். ஒவ்வொரு வியூகத்துக்குப் பின்னாலும் ஒரு ஊரின் சுபாவம், ஒரு காலத்தின் அரசியல், பிழைப்புக்காக நாடு விட்டு நாடு போன ஒரு பயிற்சியாளர் இருக்கிறார். 1953 நவம்பரில் லண்டன் வெம்ப்ளியில் இங்கிலாந்தை ஹங்கேரி 6-3 என்று புரட்டிப் போட்ட ஆட்டத்தை அவர் எழுதியிருக்கும் விதம், ஒரு சாம்ராஜ்யம் சரிவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது போலிருக்கும்.

இரண்டாவது, சைமன் கூப்பரும் பொருளாதாரப் பேராசிரியர் ஸ்டெஃபான் சிமான்ஸ்கியும் சேர்ந்து 2009-ல் எழுதிய 'சாக்கரனாமிக்ஸ்'. கோடிகளைக் கொட்டி ஆளை வாங்கினால் கோப்பை வருமா? அவசியமில்லை என்கிறது இந்தப் புத்தகம். வாங்கும் விலையைவிட, கிளப் தன் ஆட்டக்காரர்களுக்குத் தரும் மொத்தச் சம்பளம்தான் லீக் பட்டியலில் அதன் இடத்தை அதிகமாகக் காட்டிக்கொடுக்கிறது என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறார்கள். சம்பள உயர்வுக் கடிதத்துக்காகக் காத்திருப்பவர்களுக்கு இது ஆறுதலா, எரிச்சலா என்பது அவரவர் நிலைமையைப் பொறுத்தது.

இரண்டு பெஞ்சுகள்

கால்பந்தில் 'பெஞ்ச்' என்றால் ஆடும் பதினோரு பேரில் இடம் கிடைக்காதவர்கள் உட்காரும் இடம். எலெக்ட்ரானிக் சிட்டியில் 'பெஞ்ச்' என்றால் புராஜெக்ட் கிடைக்காமல் சம்பளம் மட்டும் வாங்கிக்கொண்டு, அடுத்து என்ன ஆகுமோ என்று காத்திருக்கும் நிலை. இரண்டிலும் மனிதனை அரிப்பது ஒரே பயம்தான்.

அந்தப் பயத்தை ஈமன் டன்ஃபி அளவுக்கு நேர்மையாக எழுதியவர்கள் குறைவு. அயர்லாந்துக்காரர். லண்டனில் மில்வால் என்ற இரண்டாம் டிவிஷன் கிளப்பின் நடுகள வீரர். 1973-74 சீசனில் அவர் எழுதிய நாட்குறிப்புதான் 'ஒன்லி எ கேம்?'. 1976-ல் வெளிவந்தது. நம்பிக்கையோடு தொடங்குகிறது சீசன். சில வாரங்களில் அணியில் இடம் போகிறது. மாற்று ஆட்டக்காரராக வெளியே உட்கார்ந்திருக்கும்போது, தன் அணி தோற்க வேண்டும் என்று உள்ளுக்குள் ஆசைப்படும் மனம் வெளியே வருகிறது. வயதாகிக்கொண்டிருக்கிறது, வேறு தொழில் தெரியாது. கோப்பையும் கொண்டாட்டமும் இல்லாத இந்தச் சின்னப் புத்தகம், நட்சத்திரங்களின் சுயசரிதைகளைவிட அதிகம் சொல்லிக்கொடுக்கிறது.

இன்னொன்றைக் கொஞ்சம் மனதைத் திடப்படுத்திக்கொண்டுதான் படிக்க வேண்டும். ஜெர்மனியின் கோல் கீப்பர் ராபர்ட் என்கே, 2009 நவம்பர் 10 அன்று தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 32. அடுத்த ஆண்டு உலகக் கோப்பையில் நாட்டின் முதல் கோல் கீப்பராக நிற்கும் வாய்ப்பு இருந்தவர். பல ஆண்டுகளாக மனச்சோர்வு நோயோடு போராடியிருந்தார். வெளியே தெரிந்தால் அணியில் இடம் போய்விடும், தத்தெடுத்த குழந்தையையும் திருப்பி வாங்கிக்கொள்வார்களோ என்று பயந்து மறைத்தார். அவரது நண்பரான பத்திரிகையாளர் ரொனால்ட் ரெங் எழுதிய 'எ லைஃப் டூ ஷார்ட்' 2011-ல் வில்லியம் ஹில் பரிசு பெற்றது. அழ வைப்பது ரெங்கின் நோக்கமல்ல. இது நோய், பலவீனம் அல்ல, மறைக்க வேண்டியதும் அல்ல என்பதை ஒரு நண்பனின் வாழ்க்கையைக் கொண்டு நிதானமாகப் புரிய வைக்கிறார். இலக்குகளும் கெடுக்களும் துரத்தும் ஒசூர் சாலையில் இந்தப் புத்தகம் கை மாறிக் கை மாறிப் போக வேண்டியது.

மைதானத்துக்கு வெளியே

ஆட்டத்தைவிட அதைச் சுற்றி நடப்பவை சுவாரசியமானவை என்பவர்களுக்கு சைமன் கூப்பரின் முதல் புத்தகம், 'ஃபுட்பால் எகெய்ன்ஸ்ட் தி எனிமி' (1994). இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த கூப்பர், கையில் சொற்பப் பணத்துடன் 22 நாடுகள் சுற்றினார். எங்கே போனாலும் கால்பந்தும் அரசியலும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்று விசாரித்தார். கிழக்கு பெர்லினில் மாட்டிக்கொண்ட ஹெர்த்தா கிளப் ரசிகர் ஒருவரின் கதை மறக்காது. 1961-ல் சுவர் எழும்பியபோது மைதானம் அந்தப் பக்கம் போய்விட்டது. ரசிகர்கள் சுவருக்கு இந்தப் பக்கம் கூடி நின்று, அங்கிருந்து வரும் ஆரவாரத்தைக் காதால் கேட்டே ஆட்டத்தை ரசித்தார்களாம். அதற்கும் ரகசியப் போலீஸின் தொல்லை.

பெண்கள் ஆட்டத்தின் கதைக்கு சூசன் ராக்கின் 'எ உமன்ஸ் கேம்' (2022). 1920 டிசம்பரில் லிவர்பூல் நகரின் குடிசன் பார்க்கில் டிக், கெர் தொழிற்சாலைப் பெண்கள் ஆடிய ஆட்டத்தைப் பார்க்க 53,000 பேர் வந்தார்கள். அடுத்த டிசம்பரில் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம், தன் கிளப்புகளின் மைதானங்களில் பெண்கள் ஆடக் கூடாது என்று தடை போட்டது. தடை விலக ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் ஆயின. கூட்டம் வராததால் பெண்கள் கால்பந்து வளரவில்லை என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. கூட்டம் வந்ததுதான் சிக்கலாயிற்று என்று இந்தப் புத்தகம் காட்டுகிறது. 2018-ல் மணிப்பூரைத் தோற்கடித்து தேசிய சாம்பியனான தமிழ்நாட்டுப் பெண்கள் அணியைப் பற்றியும், கடலூரிலிருந்து இந்திய அணி வரை போன இந்துமதி கதிரேசனைப் பற்றியும் படிக்க விரும்புகிறவர்கள், பழைய செய்தித்தாள்களைத்தான் புரட்ட வேண்டும்.

நம் வீட்டுக் கதை

இங்கேதான் விஷயம் சுடத் தொடங்குகிறது. லண்டன், பெர்லின், ரியோவைப் பற்றி அலமாரி நிறையப் புத்தகங்கள். பெங்களூரைப் பற்றி?

இந்தியக் கால்பந்துக்கு இன்று கிடைக்கும் நல்ல வரலாறு நோவி கபாடியாவின் 'பேர்ஃபுட் டு பூட்ஸ்' (2017). டெல்லியில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டே பல பத்தாண்டுகள் மைதானம் மைதானமாக அலைந்தவர் கபாடியா. வர்ணனையாளர், நடமாடும் கலைக்களஞ்சியம். 2021 நவம்பரில் இறந்துபோனார். அவர் எழுதி வைத்துவிட்டுப் போனதால் பல பெயர்கள் பிழைத்தன. கூடவே வைத்துப் படிக்க போரியா மஜும்தாரும் கௌசிக் பந்த்யோபாத்யாயும் எழுதிய 'கோல்லெஸ்' (2006), பத்திரிகையாளர் ஜெய்தீப் பாசுவின் 'ஸ்டோரீஸ் ஃப்ரம் இந்தியன் ஃபுட்பால்' (2003).

வெறுங்காலோடு ஆட அனுமதிக்காததால்தான் 1950 உலகக் கோப்பைக்கு இந்தியா போகவில்லை என்ற கதை டீக்கடை வரை பிரசித்தம். காலணி அல்ல காரணம். அன்றைய சங்கத்துக்கு உலகக் கோப்பையைவிட ஒலிம்பிக்ஸ் பெரிதாகப் பட்டது, ஆயத்தமும் மனமும் இல்லை என்பதுதான் ஆராய்ந்தவர்கள் தரும் பதில். இந்த வகைப் புத்தகங்களின் பயன் இதுதான். கேட்டுப் பழகிய கதையைப் பிடுங்கிக்கொண்டு, அதைவிடச் சுவையான உண்மையைக் கொடுக்கின்றன.

அந்த உண்மைகளில் பெங்களூருக்குப் பெரிய பங்கு. 1937-ல் பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை முதன்முதலாக வென்ற இந்திய அணி, பெங்களூர் முஸ்லிம்ஸ். மறு ஆண்டும் அவர்களே வென்றார்கள். 1948 ஜூலை 31 அன்று லண்டன் அருகே இல்ஃபோர்டில் சுதந்திர இந்தியா தன் முதல் ஒலிம்பிக் கால்பந்து ஆட்டத்தை பிரான்சுடன் ஆடியது. பெரும்பாலோர் வெறுங்கால். இரண்டு பெனால்டிகள் வீணாயின. 2-1 என்று தோல்வி. அந்த ஒரு கோலை, எழுபதாவது நிமிடத்தில் அடித்தவர் சாரங்கபாணி ராமன், பெங்களூர்க்காரர். சுதந்திர இந்தியாவின் முதல் கோல் அதுதான்.

அதே அணியில் ஆடிய அகமது கானும் பெங்களூர்க்காரர். 1952 ஹெல்சிங்கியில் யுகோஸ்லாவியாவிடம் இந்தியா 10-1 என்று நொறுங்கியபோது அந்த ஒரு கோலை அடித்தவர் அவர். பூட்ஸ் அணிவது கட்டாயமானது அந்தத் தோல்விக்குப் பிறகுதான். கல்கத்தாவில் ஈஸ்ட் பெங்கால் கிளப்பின் முன்வரிசையில் அகமது கான், வெங்கடேஷ், அப்பா ராவ், தன்ராஜ், சாலே என்ற ஐந்து தென்னிந்தியர்கள் ஆடினார்கள். வங்காளிகள் அவர்களுக்கு வைத்த பெயர் பஞ்ச பாண்டவர்கள். 1949 முதல் 1951 வரை மூன்று ஆண்டுகளும் ஐ.எஃப்.ஏ. ஷீல்டு அந்த கிளப்புக்கே. அகமது கான் 2017 ஆகஸ்டில் பெங்களூரில், தொண்ணூறு வயதில் காலமானார்.

துளசிதாஸ் பலராமன் இன்னொருவர். செகந்திராபாத் அருகே அம்முகூடாவில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். 1956, 1960 ஒலிம்பிக்ஸ். ரோம் நகரில் வலிமையான ஹங்கேரிக்கு எதிராக ஒரு கோல். 1962 ஜகார்த்தாவில் தென் கொரியாவை 2-1 என்று வென்று ஆசிய விளையாட்டுத் தங்கம் பெற்ற அணியில் பி.கே. பானர்ஜி, சுனி கோஸ்வாமியுடன் இவரது பெயரைச் சேர்த்துத்தான் சொல்வார்கள். அந்த இறுதி ஆட்டத்தில் கோல் காத்தவர் பீட்டர் தங்கராஜ். காசநோய் பலராமனை இருபத்தேழு வயதிலேயே ஆட்டத்திலிருந்து வெளியேற்றியது. மற்ற இருவருக்கும் பத்மஸ்ரீ வந்தது. அவருக்கு வரவேயில்லை. 2023 பிப்ரவரி 16 அன்று மேற்கு வங்கத்தில் இறந்தார். தமிழ்நாட்டில் அந்தச் செய்தியைக் கவனித்தவர்கள் சிலரே.

கிரிக்கெட்டோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். பெங்களூரில் வாழும் ராமச்சந்திர குஹா 2002-ல் 'எ கார்னர் ஆஃப் எ ஃபாரின் ஃபீல்ட்' எழுதி, பல்வங்கர் பாலூ என்ற தலித் பந்துவீச்சாளரை மறதியிலிருந்து மீட்டெடுத்தார். இன்று பாலூவைத் தெரியாத கிரிக்கெட் எழுத்தாளர் இல்லை. ராமனுக்கும் பலராமனுக்கும் அப்படியொரு குஹா இன்னும் வரவில்லை.

பக்கத்து வீடுகளில்

வங்காளிகள் ஆடியதோடு நிறுத்தவில்லை, எழுதவும் செய்தார்கள். மோதி நந்தி கல்கத்தாவில் விளையாட்டுப் பகுதி ஆசிரியராக இருந்தவர். 1970-களில் அவர் எழுதிய 'ஸ்ட்ரைக்கர்', 'ஸ்டாப்பர்' என்ற இரு குறுநாவல்களும் அருணவா சின்ஹாவின் ஆங்கில மொழிபெயர்ப்பில் ஒரே நூலாகக் கிடைக்கின்றன. முதலாவதில், அப்பா மேல் விழுந்த பழியைச் சுமந்துகொண்டு பெரிய கிளப்புகளின் கதவைத் தட்டும் ஏழைப் பையன். இரண்டாவதில், வயதாகிவிட்ட தடுப்பாட்டக்காரர் ஒருவர், தன்னைத் தூக்கியெறிந்த கிளப்புக்கு எதிராகச் சின்ன கிளப் ஒன்றுக்காகக் களம் இறங்குகிறார். பசி, மானம், பயிற்சியாளரின் பிடிவாதம், கிளப் செயலாளர்களின் சூழ்ச்சி - எல்லாம் வடசென்னையிலோ ஆஸ்டின் டவுனிலோ நடப்பது போலவே இருக்கும்.

மலையாளிகளுக்கு என்.எஸ். மாதவனின் 'ஹிக்விட்டா'. 1990-ல் எழுதிய ஒரே ஒரு சிறுகதை. கோல் எல்லையை விட்டு நடுமைதானம் வரை ஓடிவரும் கொலம்பியா கோல் கீப்பர் ஹிக்விட்டாவை ஞாபகம் இருக்கிறதா? டெல்லியில் இருக்கும் ஒரு பாதிரியார், ஆதிவாசிப் பெண் ஒருத்திக்கு ஆபத்து வரும்போது அந்த கோல் கீப்பரைப் போலவே தன் எல்லையைத் தாண்டி வெளியே வருகிறார். அவ்வளவுதான் கதை. கால்பந்து தெரியாதவர்களும் மறக்காத கதை.

தமிழில் ஆட்டக்காரர்களுக்குக் குறைவில்லை. கால்பந்தை வைத்துச் சினிமா எடுத்தாயிற்று. உலகக் கோப்பை வரும்போது பத்திரிகைகள் இலவச இணைப்பும் போடுகின்றன. ஆனால் 'ஸ்டாப்பர்' மாதிரி, 'பேர்ஃபுட் டு பூட்ஸ்' மாதிரி எடுத்து நீட்ட ஒரு புத்தகம் என்று கேட்டால் கை தயங்குகிறது.

பெலேயின் சிலையும் ஃபிலியோவின் புத்தகமும்

எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து இருபது கிலோமீட்டர் தூரத்தில் அல்சூர். 1809-ல் பிரிட்டிஷ் ராணுவம் பெங்களூரில் கன்டோன்மென்ட் அமைத்தபோது, அதைப் பின்தொடர்ந்து வந்து குடியேறிய தமிழர்களின் பழைய பேட்டை. ஏரிக்கரையில், 18 ஆண்டுகள் மூடிக் கிடந்து 2009-ல் திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலை. அருகிலேயே பெங்களூர்த் தமிழ்ச் சங்கம், அதன் நூலகம். அதே வட்டாரத்தில்தான் கௌதமபுரம். ஏழைத் தமிழர்களும் தலித்துகளும் நெருக்கியடித்து வாழும் குடியிருப்பு. அங்கே அம்பேத்கர், புத்தர், அன்னை தெரசா ஆகியோருடன் இன்னொருவருக்கும் சிலை உண்டு: பந்தோடு நிற்கும் பெலே. 'குட்டி பிரேசில்' என்று அந்தப் பகுதிக்குப் பெயர். பட்டாளத்துக்காரர்கள் ஆடுவதைப் பார்த்துத் தொற்றிக்கொண்ட ஆட்டம், தலைமுறைகளுக்கு வேலை வாங்கிக் கொடுத்தது. ஐ.டி.ஐ., எச்.ஏ.எல். போன்ற பொதுத்துறை நிறுவனங்கள் கால்பந்து அணிகள் வைத்திருந்த காலத்தில், நன்றாகப் பந்து உதைப்பவனுக்கு மாதச் சம்பளமும் குவார்ட்டர்ஸும் கிடைத்தன. சாஃப்ட்வேர் வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்த ஊரில் திறமையைக் கொடுத்து வாழ்க்கையை வாங்கியவர்கள் இவர்கள்.

பெலேவைக் கும்பிடும் பிரேசிலில் வேறொன்றும் நடந்தது. 1947-ல் மரியோ ஃபிலியோ என்ற ரியோ பத்திரிகையாளர், பிரேசில் கால்பந்தில் கறுப்பர்களின் கதையைப் புத்தகமாக எழுதினார். பழைய ஆட்டக்காரர்களையும் கிளப்காரர்களையும் தேடிப் போய் உட்கார்ந்து பேச வைத்து, கேட்டதைச் சேர்த்து வைத்தார். வெள்ளைக்கார கிளப்பில் ஆடுவதற்காக முகத்தில் அரிசி மாவு பூசிக்கொண்ட ஆட்டக்காரரை அதில்தான் பார்க்கிறோம். 1923-ல் கறுப்பர்களையும் ஏழைகளையும் வைத்துக்கொண்டு வாஸ்கோ ட காமா கிளப் சாம்பியனானது. பெரிய கிளப்புகள் உடனே தனி லீக் தொடங்கி, எழுதப் படிக்கத் தெரியாதவன் ஆட முடியாதபடி விதி போட்டதும் அதில் வருகிறது. ரியோவின் மரக்கானா மைதானத்துக்கு அதிகாரபூர்வப் பெயர் இன்று மரியோ ஃபிலியோ. ஆட்டக்காரர் பெயரல்ல, எழுதியவர் பெயர்! 2021-ல் ஆங்கிலத்திலும் வந்துவிட்ட 'தி பிளாக் மேன் இன் பிரேசிலியன் சாக்கர்', இந்தப் பட்டியலில் தமிழர்கள் கட்டாயம் படிக்க வேண்டிய புத்தகம். அரிசி மாவு இருக்கும் இடத்தில் நம் ஊர்ச் சாதியை வைத்துப் படித்தால் பல பக்கங்களுக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படாது.

கௌதமபுரத்துக்கும் ஒரு ஃபிலியோ தேவை. அதற்கான நேரம் குறைந்துகொண்டு வருகிறது. வெறுங்கால் தலைமுறை போய்விட்டது. பூட்ஸ் போட்ட முதல் தலைமுறையில் மிச்சமிருப்பவர்கள் எண்பதைத் தாண்டியவர்கள். பொதுத்துறை அணிகளில் ஆடியவர்கள் ஓய்வுபெற்று, பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் மங்கிய குரூப் போட்டோ இருக்கிறது. பின்பக்கத்தில் பெயர்கள் இருக்குமா என்பது அதிர்ஷ்டம்.

2023 மார்ச்சில் கர்நாடக அணி சந்தோஷ் கோப்பையை வென்றபோது, 54 ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த வெற்றி என்று பத்திரிகைகள் எழுதின. கடைசியாக வென்றது மைசூர் மாநிலம் என்ற பெயரில், 1968-69-ல். அந்த அணியில் ஆடியவர்கள் யார், எந்தத் தெருவிலிருந்து வந்தார்கள் என்று விசாரித்து எழுதியிருந்தால் அதுவே ஒரு புத்தகத்தின் முதல் அத்தியாயமாக இருந்திருக்கும்.

எழுதத் தெரிந்தவர்களும், எண்களைத் துருவத் தெரிந்தவர்களும், கால்பந்தை உயிராக நினைப்பவர்களும் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரே கட்டடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒலிப்பதிவு செய்யும் கருவி எல்லோர் சட்டைப் பையிலும் இருக்கிறது. தூரமும் ஒரு சாக்கு அல்ல. 2025 ஆகஸ்டில் திறந்த மஞ்சள் தட மெட்ரோவில் ஏறி, ஆர்.வி. ரோட்டில் ஒரு முறை, மெஜஸ்டிக்கில் ஒரு முறை மாறினால் அல்சூர் ஸ்டேஷன். போகிற வழியில் படிக்கக் கலியானோ போதும். இறங்கியதும் பெலே சிலைக்கு வழி கேட்டால் போதும், சொல்ல ஆள் இருக்கும். அந்த ஆளே பழைய ஆட்டக்காரராக இருக்கவும் வாய்ப்புண்டு.